நூலகத்தைப் பூட்டிவிட்டு எங்களை ஏன் அழைக்கிறீர்கள்?

மே மாதம் பல்கலைக்கழக மாணவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள், விடுதிகள் காலியாகின்றன, ஆகவே வெளியூர்க் கல்லூரி ஆசிரியர்களை வரவழைத்து அங்கே தங்கவைத்துப் புத்தொளிப் பயிற்சி (ரெஃப்ரெஷர் கோர்ஸ்) நடத்துகிறார்கள். இதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் மாணவர்கள் போனதும் மெஸ், நூலகம், மருந்தகம் என்று வளாகம் முழுவதுமே லீவில் போய்விடுகிறதே, வருகிறவர்கள் எப்படி வாழ்வார்கள் என்று அழைப்பிதழ் அனுப்பியவர்களில் ஒருவராவது யோசித்தாரா?

இந்த ஆண்டு நான் போன பல்கலைக்கழகத்தின் விடுதி அறையில், முன்பு இருந்த மாணவியின் குப்பைகூட அள்ளப்படவில்லை. கட்டிலில் மெத்தை இல்லை, ஜன்னலில் வலை இல்லை. கோடையில்தான் தொட்டி கழுவுவார்களாம், வெள்ளையடிப்பார்களாம். அதனால் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும், பிறகு நின்றுவிடும். அக்கினி நட்சத்திர வெயிலில் நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் முகம் கழுவவும் வழியில்லை. மெஸ் மூடியிருந்ததால் இரவுச் சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை வரை நடக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பணம் கட்டியிருந்தோம்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது நூலகம். வகுப்பு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிகிறது. விடுமுறைக் காலம் என்பதால் நூலகத்தை ஐந்து மணிக்கே பூட்டுகிறார்கள். சனி, ஞாயிறு திறப்பதே இல்லை. எங்கள் ஊர்க் கல்லூரி நூலகத்தில் பாடப்புத்தகங்களைத் தாண்டி அதிகம் கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகிறோம், 1970, 80களில் முனைவர் பட்டத்துக்கு முந்தைய படியான எம்.ஃபில். பட்டத்துக்கு எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்தின் ஏரி, ஒரு கோயிலின் நிலம், ஒரு சந்தை என்று ஊர் ஊராக அலைந்து தட்டச்சு செய்து வைத்தவை அவை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்று சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. இந்தப் பழைய எம்.ஃபில். ஏடுகளில் பெரும்பாலானவை இணையத்தில் ஏறவில்லை. அந்தந்தப் பல்கலைக்கழக அலமாரியில் ஒரு பிரதி இருக்கும், அவ்வளவுதான். அந்த அலமாரிக்கும் என் அறைக்கும் இடையில் நடந்தால் ஐந்து நிமிடம். பயிற்சி முடியும்வரை பூட்டிய கதவைத்தான் பார்த்தேன். வகுப்பு நேரத்தில் அனுமதி கேட்டால் வருகைப் பதிவு குறையும் என்றார்கள்.

இணையமாவது உண்டா? வைஃபையில் நுழைய மாணவர் பதிவு எண் கேட்கிறது. விருந்தினர் கணக்குக்கு விண்ணப்பித்தால், கையெழுத்துப் போட வேண்டிய அலுவலர் விடுப்பில் இருக்கிறார். 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் பல ஆயிரம் ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், மக்கள் வரிப்பணம். அந்த இதழ்கள் திறக்கும் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, என் கைபேசி டேட்டாவில் கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

பெண்களுக்கு இதற்குமேல் ஓர் அவமானம். இரவு எட்டு மணிக்கு விடுதிக் கதவு பூட்டப்படும். ஆண் ஆசிரியர்கள் பதினொரு மணிக்கும் டீ குடித்துவிட்டு வரலாம். முப்பது ஆண்டு பாடம் நடத்திய துறைத்தலைவர் ஒருவர், வெளியே போகும் பதிவேட்டில் ‘பாதுகாவலர் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லப்பட்டார். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘சக்ஷம்’ அறிக்கை 2013லேயே சொல்லிவிட்டது. மாணவிகளுக்கே கூடாது என்றதை எங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஒரு தோழிக்கு இரண்டாவது மாடியில் அறை. லிஃப்ட் இல்லை. விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று தெளிவாக எழுதியிருந்தார். தரைத்தள அறைகள் பூட்டிக் கிடந்தன, சாவி பொறியாளர் அலுவலகத்தில் இருக்கிறதாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க ஐந்தாண்டு அவகாசம் தந்தது. அந்த அவகாசம் முடிந்தே பல ஆண்டுகள் ஆகின்றன. தோழி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? பதவி உயர்வுக்கு இந்தப் பயிற்சியின் சான்றிதழ் வேண்டும். கடைசி நாளில் எங்களுக்குத் தரம் போடுவதும் பயிற்சியை நடத்தும் அதே பல்கலைக்கழக மையம்தான். கருத்துப் படிவத்தைச் சான்றிதழ் தருவதற்கு முன்பு, பெயரோடு எழுதி வாங்குகிறார்கள். அதில் ‘தங்குமிடம் திருப்திகரம்’ என்று எழுதாமல் வேறென்ன எழுதுவார்கள்?

நாங்கள் கேட்பது விருந்தினர் மாளிகை அல்ல. பயிற்சி நடக்கும் நாட்களில் ஒரே ஒரு பணியாளருக்கு மிகைநேர ஊதியம் கொடுத்து நூலகத்தை இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள். பெயர்ப் பதிவு செய்யும் மேசையிலேயே வைஃபை கடவுச்சொல்லைக் கொடுங்கள். தரைத்தளச் சாவியை முன்னதாக வாங்கி வையுங்கள். கருத்துப் படிவத்தைச் சான்றிதழ் தந்த பிறகு, பெயர் கேட்காமல் வாங்குங்கள். அடுத்த கோடைக்கான அறிவிப்பில் ‘விடுதி வசதி உண்டு’ என்று ஒற்றை வரியோடு நிறுத்தாமல், எந்த மாடி, எத்தனை மணி நேரம் தண்ணீர், மெஸ் உண்டா, நூலகம் எப்போது மூடும், கதவு எப்போது பூட்டும் என்று எழுதுங்கள். எந்த ஊர் மையத்துக்கு விண்ணப்பிப்பது என்பதை அதைப் படித்துவிட்டு முடிவு செய்கிறோம்.