எது காலி என்று சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும்?

விண்டோஸ் இருக்கிற டிஸ்கிலேயே பக்கத்தில் லினக்ஸையும் போடப் பார்க்கிறேன். டிஸ்கைக் கூறு போட்ட துண்டுக்குப் பார்ட்டிஷன் என்று பெயர். பதினோரு வருடப் படங்கள் இருக்கிற பார்ட்டிஷனும் ஒன்றுமே இல்லாத பார்ட்டிஷனும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அடுத்தடுத்து நிற்கின்றன. இதில் எதை அழிக்கட்டும் என்று மட்டும் லினக்ஸ் இன்ஸ்டாலர் மரியாதையாகக் கேட்கிறது. யார் எது என்று கேட்டால் வாயைத் திறக்காது.

நான் ஒன்றும் ஏற்பாடு இல்லாமல் உட்காரவில்லை. விண்டோஸ் பக்கத்திலேயே 204800 எம்பி என்று டைப் செய்து, கச்சிதமாக 200 ஜிபியில் இரண்டு வெட்டி, ஒன்றுக்கு 'படங்கள்' என்றும் இன்னொன்றுக்கு 'காலி' என்றும் பெயர் வைத்தேன். பார்ட்டிஷன்களைப் பெட்டி பெட்டியாகக் காட்டுகிற விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அவற்றை இடமிருந்து வலமாக எண்ணி, 'ஐந்தாவது காலி' என்று தாளில் குறித்தும் கொண்டேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வது? ராத்திரி 8 மணிக்கு லினக்ஸ் இருக்கிற பென்டிரைவைச் செருகினேன். ஒன்பதுக்குள் முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைப்பு வேறு.

இன்ஸ்டாலரில் நான் வைத்த பெயர் ஒன்றைக்கூடக் காணோம். என்விஎம்இ0என்1பி1, என்விஎம்இ0என்1பி2 என்று வரிசையாக நிற்கிறது, ஏதோ கைதி எண் மாதிரி. கடைசியில் ஒட்டியிருக்கிற பி1, பி2-தான் பார்ட்டிஷன் எண்ணாம். அந்தப் பெயருக்குள்ளேயே முதல் எண் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது, அடுத்த எண் ஒன்றில் தொடங்குகிறது. எங்கிருந்து எண்ணுவது என்று ஒரே பெயருக்குள் ஒத்துப்போக முடியாதவர்கள், என் படங்களைக் கணக்கில் வைத்துக்கொள்வார்களாம். சரி, ஃபிளாப்பி செத்து இவ்வளவு காலமாகியும் ஏ, பி இரண்டையும் அதற்கென்றே விட்டுவிட்டு சி-யிலிருந்து எண்ணுகிற விண்டோஸும் பெரிய யோக்கியம் இல்லை.

அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், 204800 எம்பி இங்கே 214748 எம்பி ஆகிவிட்டது. அங்கேயும் எம்பி, இங்கேயும் எம்பி. விண்டோஸ் 1024-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறது, இன்ஸ்டாலர் 1000-ஐ வைத்துப் போடுகிறது, ஆனால் பெயர் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றேதான் வேண்டும். 1 டிபி என்று வாங்கிய டிஸ்க் வீட்டுக்கு வந்ததும் 931 ஜிபி ஆகிற அதே கூத்து. இதில் இரண்டு பார்ட்டிஷனையும் ஒரே அளவில் வெட்டிய என் அழகுணர்ச்சியைப் பற்றி யாரும் பேச வேண்டாம். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டவேண்டிய இடத்திலோ இரண்டுக்கும் ஒரே பதில்: 'தெரியவில்லை'. தெரியாதாம்! தெரியாததை அழிக்க மட்டும் தயார்.

ஆனால் என்னிடம்தான் தாள் இருக்கிறதே. ஐந்தாவது காலி. பி5-ஐத் தேர்ந்தெடுத்தேன், ஃபார்மட் பெட்டியில் டிக் போட்டேன், மவுஸ் பொத்தான் மேல் நிற்கிறது, விரல் இறங்கப் போகிறது. அப்போதுதான் பட்டியலின் அடியில் பி6 என்று ஒன்று கண்ணில் பட்டது. தாளில் ஐந்துதான். ஆறாவது எங்கிருந்து முளைத்தது? முதலில் 100 எம்பிக்கு, கம்ப்யூட்டரைக் கிளப்புகிற ஈஎஃப்ஐ, சரி. அடுத்து 16 எம்பிக்கு ஒரு துணுக்கு. இது யார்? விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிற எம்எஸ்ஆர் என்கிற பார்ட்டிஷனாம், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதைக் காட்டவே காட்டாதாம். ஆக அங்கே நான் எண்ணிய நாலாவது இங்கே ஐந்தாவது. அந்த ஐந்தாவதுதான் படங்கள். ஒரு 16 எம்பி, ஒரே ஒரு 16 எம்பி ஒளிந்து விளையாடியதில் பதினோரு வருடம் போயிருக்கும். பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்கப் போகிறீர்கள். எடுத்தேன். அதே பார்ட்டிஷனில், வேறு ஃபோல்டரில்.

அப்புறம் கை நடுங்கியதில் இரண்டு மணி நேரம் எதையும் தொடவில்லை. வெளியே வந்தேன், மறுபடி விண்டோஸ் போனேன், மறுபடி எண்ணினேன், திரும்பி வந்தேன். கடைசியில் கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து, பார்ட்டிஷன்களைப் பட்டியல் போடுகிற எல்எஸ்பிஎல்கே அடித்து, ஒரு இடைவெளி விட்டு ஹைஃபன் எஃப் போட்டேன். பி5 படங்கள், பி6 காலி என்று நான் வைத்த பெயரோடு பளிச்சென்று வந்து நிற்கிறது! அதே பென்டிரைவ், அதே லினக்ஸ், பக்கத்து ஜன்னல். அந்த ஜன்னலுக்குத் தெரிகிறது, டிஸ்கை அழிக்கிற அதிகாரம் உள்ள ஜன்னலுக்குத் தெரியாது. அந்த ஒரு பெயரை வரியில் சேர்த்துக் காட்ட இடமில்லையா, மனமில்லையா? 'காலி'யை விண்டோஸிலேயே டெலீட் செய்துவிட்டு வந்திருந்தால் ஃப்ரீ ஸ்பேஸ் என்று தனியாகத் தெரிந்திருக்கும், இந்தப் பாடே பட்டிருக்க வேண்டாம். அதுவும் எல்லாம் முடிந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது.

பி6-ல் போட்டு முடிக்கும்போது ராத்திரி ஒன்றரை. படங்கள் பத்திரமா என்று பார்க்க விண்டோஸுக்குள் போனேன். பத்திரம். மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் மணி 8. மதர்போர்டில் இருக்கிற கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி நேரத்தை, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கிற உலகப் பொது நேரத்தை, எழுதிவிட்டுப் போகுமாம், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நம்பிக்கொள்ளுமாம். அதாவது நான் இன்னும் பென்டிரைவையே செருகவில்லை.