பழி முழுவதும் டவுன்செண்ட் மீதா?
முதல் உலகப் போரில், 1915இல், துருக்கியர் வசமிருந்த பாக்தாத்தை நோக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையெடுப்பு தளபதி டவுன்செண்டின் ஆணவத்தால் மட்டுமே பாழானது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆட்களும் படகுகளும் போதாது என்று அவரே எச்சரித்தார். முன்னேறியே தீர வேண்டும் என்று நின்றவர் மேலதிகாரி நிக்சன். பாக்தாத் அருகே டெசிஃபோனில் நடந்த சண்டையில் நம் தரப்பில் 4,000 பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கித் தூக்கிப் போடும் கட்டை வண்டிகளில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். போதிய மருத்துவ வண்டிகள்கூட இல்லாமல் ஒரு படையைப் பாக்தாத்தைப் பிடிக்க அனுப்பியவர்களை எப்படி விட்டுவிடுவது? டவுன்செண்ட் மீது எனக்கும் தீராத கோபம் உண்டு, ஆனால் அது வேறு காரணத்துக்காக. டெசிஃபோனிலிருந்து பின்வாங்கிய படை அடைந்த குட் நகரில் ஏறத்தாழ ஐந்து மாத முற்றுகைக்குப் பின் 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள்; பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்கள் துருக்கியரின் கைதிகளாகப் பாலைவன நடையில் சுருண்டு விழுந்து செத்தபோது, அவர் இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் வசதியாகத் தங்கியிருந்தார்.