உரிமத்தை இறுக்கினால் குடி குறையுமா?
சிறு பீர் ஆலைகளுக்கு உரிம விதிகளைத் தளர்த்தினால் குடி பெருகும் என்கிறது கட்டுரை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு இதை எப்படி நம்புவது? 1908-இல் வந்த பீர் சட்டத்தை வைத்துச் சோளப் பீர் விற்பனையை நகராட்சியே தனக்கென்று எடுத்துக்கொண்ட ஊர் இது. குடியா குறைந்தது? வீட்டில் காய்ச்சிய பெண்கள் மீதுதான் போலீஸ் பாய்ந்தது. 1959-இல் இங்கே கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் நகராட்சி பீர் விற்ற கூடங்களான பீர் ஹால்களுக்கு எதிராகக் கிளம்பியது சும்மாவா? அப்புறம், சின்ன ஆலைக்குத்தான் ஏற்கெனவே தனி வழி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அந்த வழி சின்ன ஆலைக்கு மட்டும் இல்லை; வருடத்துக்கு 10 கோடி லிட்டர் வரை பீர் தயாரிப்பவர் எல்லாருமே இங்கே சட்டப்படி 'சிறு' உற்பத்தியாளர்தான்! டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வாடகை ஷெட்டில் இரண்டு ஸ்டீல் தொட்டி வைத்திருக்கும் என் மச்சானும் அதே கணக்கில். உரிமம் கைக்கு வரும்வரை ஒரு பாட்டில் விற்க முடியாது, வாடகை மட்டும் மாதாமாதம் போகிறது. தளர்த்தச் சொல்வது இந்த இழுத்தடிப்பைத்தான்; 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மது விற்கக் கூடாது என்ற விதியில் கை வைக்க யார் சொன்னது?