"கையில் தெரியும்" என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்

ஐம்பது தோட்டா, மூன்று ராத்திரி. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கராஜில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். பித்தளை உறையைக் கழுவினேன், டை என்ற அச்சில் விட்டு அளவுக்குக் கொண்டுவந்தேன், வெடிமருந்தை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் போட்டேன். பாயின்ட் 308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா, என் முதல் ரீலோடிங், அதாவது சுட்ட உறையில் மருந்தும் குண்டும் போட்டுத் திரும்பத் தோட்டா செய்வது. இங்கே டெக்சஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் தொடங்கிவிடும். அதற்குள் நானே செய்த தோட்டாவில் ரைபிளைக் குறி பார்த்து வைத்துவிட வேண்டும் என்று ஆசை.

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நன்றாக வெடித்தன. மூன்றாவது, டிக். வெடிக்கவில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் வயிறு கலங்குவது தெரியும். ரைபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை உடனே திறக்கக் கூடாது, தாமதமாக வெடித்துத் தொலைக்கலாம். குழாயை மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி முப்பது விநாடி எண்ண வேண்டும். எண்ணினேன். திறந்து பார்த்தால் ப்ரைமரில், அதாவது உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணத்தில், பயரிங் பின் என்ற ஊசி அடித்த தடம் இருக்கிறது, ஆனால் ஆழமில்லை. அதே தோட்டாவைத் திரும்பப் போட்டு அடித்தேன், வெடித்தது. இப்படிப் பதினெட்டில் ஏழு. ஆறு இரண்டாவது அடியில் வெடித்தன, ஒன்று மூன்றாவதில். அன்றைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். "ப்ரைமர் மோசமான சரக்கு, தூக்கிப் போட்டுவிட்டு வேறு கம்பெனி வாங்கு." "பயரிங் பின் ஸ்பிரிங் செத்துவிட்டது, மாற்று." "எண்ணெய்க் கையோடு தொட்டிருப்பாய்." தூக்கிப் போடுவதாமே! 2020, 2021-ல் அமெரிக்கா முழுக்கக் கடை கடையாக அலைந்தும் ஒரு பெட்டி ப்ரைமர் கிடைக்காமல் ஆட்கள் திண்டாடினார்கள். இன்றைக்கும் அது பழைய விலைக்கு இறங்கவில்லை. ஆயிரம் ப்ரைமரைக் குப்பையில் கொட்டச் சொல்கிறவர், என் தோட்டாவில் ஒன்றையாவது கையில் வாங்கிப் பார்த்தாரா? ஸ்பிரிங் என்றார்களே, அதே ரைபிளில் கடையில் வாங்கிய தோட்டா இருபதைச் சுட்டேன். இருபதும் முதல் அடியில் வெடித்தன. ஸ்பிரிங்கில் குறை இருந்தால் அதுவும்தானே தடுமாற வேண்டும்?

கடைசியில் ரேஞ்சில் ஒரு பெரியவர்தான் கேட்டார்: "மிச்சம் இருக்கிறதா? ஒன்றைக் கொடு." வாங்கினார். கட்டை விரலால் அடிப்பக்கத்தை ஒரு தடவு தடவினார். "ப்ரைமர் உயரமாக இருக்கிறது" என்றார், அவ்வளவுதான். நானும் தடவிப் பார்த்தேன். கொசுக்கடித் தடிப்பு போல விரலில் தட்டியது. வீட்டுக்கு வந்து, மீதி முப்பத்திரண்டையும் கண்ணாடி மேசையில் நிமிர்த்தி வைத்தேன். பதினான்கு, ப்ரைமர் வெளியே துருத்தியதால் நேராக நிற்காமல் ஆடின!

விஷயம் இதுதான். ப்ரைமர் என்பது ஒரு சின்னக் கிண்ணம். உள்ளே அடி பட்டால் தீப்பிடிக்கும் கலவை, அதற்கு மேல் கால் முளைத்த ஒரு துண்டுத் தகடு, அதாவது பட்டடை. பின் வந்து கிண்ணத்தை அடிக்கும்போது கலவை அந்தப் பட்டடைக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நசுங்க வேண்டும். அதற்குப் பட்டடையின் கால்கள், உறையின் அடியில் ப்ரைமர் உட்காரும் குழியின் தரையில் அழுத்தமாக ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றவில்லை என்றால், முதல் அடியின் பலமெல்லாம் ப்ரைமரை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும். தேங்காயை மெத்தை மேல் வைத்து அடித்தால் உடையுமா? முதல் அடி ப்ரைமரைத் தரையில் உட்கார வைக்கிறது, இரண்டாவது அடி வெடிக்க வைக்கிறது. முதல் அடியில் ஏமாற்றி இரண்டாவதில் வெடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ப்ரைமர் உட்கார்ந்த விதத்தை. உறையின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, டையில் அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளியிருந்தாலும் அடி பலவீனமாக விழும், அதையும் அளந்து பார்த்தேன், சரியாகவே இருந்தது.

ப்ரைமர் உறையின் அடிமட்டத்துக்குக் கீழே, அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு உள்ளே இருக்க வேண்டும். ஒரு தலைமுடி கனம். இந்த ஒரு வரியை எனக்கு யாருமே சொல்லவில்லை. எல்லாரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அழுத்து, உட்கார்ந்தால் கையில் தெரியும்."

எப்படித் தெரியும்? வாழ்நாளில் ஒரு ப்ரைமரைக்கூட அழுத்தாதவன் கைக்கு என்ன தெரியும்? முப்பது வருஷம் செய்த கைக்குத் தெரிவதைப் புதிதாக வந்தவனிடம் பாடமாகச் சொன்னால் அது பாடமா? எனக்குக் கையில் தெரியத்தான் செய்தது! நன்றாக இறுக்கமாகத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த இறுக்கம் குழியின் தரை இல்லை, குழியின் வாய்.

அது இன்னொரு வயிற்றெரிச்சல். நான் வாங்கியது ராணுவத்தில் சுட்டுக் கழித்த பித்தளை, அடியில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி போட்டது. மெஷின் கன்னில் ப்ரைமர் பின்னுக்குக் கழன்று வராமல் இருக்க, ராணுவத் தோட்டாவில் குழியின் வாயைச் சுற்றி அழுத்தி மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை எடுக்காமல் புது ப்ரைமரைச் சரியாக உட்கார வைக்க முடியாது. பையின் மேல் "ரீலோடிங்குக்குத் தயார்" என்று பெரிய எழுத்தில் போட்டு விற்றார்கள். பாதி உறையில் மடிப்பு அரைகுறையாக அப்படியே இருக்கிறது! காசு வாங்கினீர்களே, ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் என்ன? இதெல்லாம் தெரிந்த பிறகு, தனியாகக் கருவி வாங்கி ஒவ்வொரு வாயையும் நானே சுரண்டிச் சரிசெய்தேன். பல குழியில் கரியும் அப்பிக் கிடந்தது, அதையும் குடைந்து எடுத்தேன்.

இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. என்னுடையது கையால் போல்ட்டை இழுத்து மூடும் ரைபிள், அதனால் டிக் என்று போயிற்று. எம்1 கேரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைபிள் மாதிரி, பயரிங் பின் தளர்வாக ஆடும், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்கில் ப்ரைமர் துருத்திக்கொண்டிருந்தால், போல்ட் மூடும் வேகத்திலேயே, டிரிகரைத் தொடாமலே வெடிக்கலாம். இது தெரிந்தும் ஒருவர் என்னிடம் சொன்னார், "அப்படியே தோட்டாவோடு ரீலோடிங் பிரஸ்ஸில் போட்டு இன்னும் கொஞ்சம் அழுத்திவிடு." மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போது ப்ரைமரை அழுத்துவதா? புதிதாக வந்தவன் நம்பிச் செய்துவிட்டால் அவன் கைக்கும் கண்ணுக்கும் யார் பொறுப்பு?

நான் செய்யவில்லை. சுத்தியல் போன்ற குண்டு கழற்றும் கருவியில் மாட்டி, கட்டை மேல் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு அடி கொடுத்து, பதினான்கையும் பிரித்தேன். குண்டு தனி, மருந்து தனி. ப்ரைமர் மட்டும் இருந்த அந்த வெற்று உறைகளை அடுத்த வாரம் ரேஞ்சுக்குக் கொண்டுபோய் ரைபிளில் போட்டு அடித்தேன். ஒன்பது முதல் அடியில் டிக். அந்த ஒன்பதும் இரண்டாவது அடியில் பட்டென்று வெடித்தன. மோசம், தூக்கிப் போடு என்றார்களே, அந்த ப்ரைமர்கள்தான்.