லினக்ஸில் ஃபிளைட் சிம்: எக்ஸ்-பிளேனைத் திட்டுவதற்கு முன் நடுவில் இருப்பதைப் பாருங்கள்

லினக்ஸில் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறேன் என்று சொன்னால் முதலில் வரும் பதில், "அதெல்லாம் சரிப்பட்டு வராது, பேசாம விண்டோஸ் போட்டுக்கோங்க" என்பதுதான். ஆனால் எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டர் லினக்ஸுக்கும் நேரடியாகவே வருகிறது, வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறையில் ஓடுகிறது. இன்னொரு சிமுலேட்டரான ஃபிளைட்கியர் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்தே லினக்ஸோடு வளர்ந்தது. சிமுலேட்டரைத் திறந்து மீனம்பாக்கத்தில் விமானத்தை நிறுத்துவது வரை யாருக்கும் சிக்கல் வருவதில்லை. புலம்பல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். 25 ஓடுபாதையில் இறங்கும்போது மூக்கு ஒரு இடத்தில் நிற்காது. காலால் மிதிக்கும் ரட்டர் பெடல் சாதனப் பட்டியலிலேயே இருக்காது. ஸ்விட்சும் விளக்கும் உள்ள பேனல் செருகியிருக்கும், விளக்கு எரியாது. இந்த மூன்றுக்கும் சிமுலேட்டர் பொறுப்பில்லை. யுஎஸ்பி வயருக்கும் சிமுலேட்டருக்கும் நடுவே, லினக்ஸின் மையமான கர்னலும், செருகிய சாதனங்களை அடையாளம் காணும் யுடெவ்வும் செய்யும் வேலைதான் காரணம். அதைப் புரிந்துகொள்ள ஒரு சனிக்கிழமை போதும். புரியாமல் புதுசாக யோக் (விமானத்தின் ஸ்டியரிங்) வாங்கிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு ஜாய்ஸ்டிக்கைச் செருகினால் லினக்ஸ் அதை மூன்று வழியாகக் காட்டும். ஒன்று ஜேஎஸ்0, ஜேஎஸ்1 என்று வரும் பழைய ஜாய்டெவ். இரண்டாவது ஈவென்ட்5, ஈவென்ட்12 என்று வரும் எவ்டெவ். மூன்றாவது ஹிட்ரா, அதாவது சாதனம் அனுப்பும் பைட்டுகளை அப்படியே படிக்க, எழுத விடும் வழி. எக்ஸ்-பிளேன் எவ்டெவ்வைப் படிக்கிறது. ஃபிளைட்கியரின் வழக்கமான ஜாய்ஸ்டிக் பகுதி பழைய ஜேஎஸ் வழியைப் படிக்கிறது. விளக்கும் டிஸ்பிளேயும் உள்ள பேனல்களின் பிளக்கின்கள் (சிமுலேட்டரோடு சேரும் துணை நிரல்கள்) பெரும்பாலும் ஹிட்ராவைப் பயன்படுத்துகின்றன. இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜேஎஸ்கால் என்ற அளவு திருத்தும் கருவியை ஓட்டி மணிக்கணக்கில் கேலிபரேட் செய்துவிட்டு எக்ஸ்-பிளேனில் ஒன்றும் மாறவில்லை என்பவர்கள் ஏராளம். ஜேஎஸ்கால் தொடுவது ஜாய்டெவ்வை மட்டும். ஃபிளைட்கியரில் மாற்றம் தெரியும், எக்ஸ்-பிளேனுக்கு அது எட்டவே எட்டாது.

இப்போது மூக்கு ஆடும் விஷயம். டெர்மினலில், எவ்டெவ் மதிப்புகளைக் காட்டும் எவ்டெஸ்ட்டை ஓட்டி உங்கள் ஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ என்றால் எக்ஸ் ஆக்சிஸுக்கு (பக்கவாட்டு அசைவுக்கு) நேராக மினிமம் 0, மேக்சிமம் 1023, அதன் கீழே ஃபஸ் 3, ஃபிளாட் 63 என்று காட்டும். கடைசி இரண்டு எண்களும் ஸ்டிக்கிலிருந்து வந்தவை இல்லை. கர்னல் தானாகப் போடுபவை. ஜாய்ஸ்டிக் என்று அடையாளம் கண்ட எதற்கும் மொத்த வீச்சில் 256-இல் ஒரு பங்கை ஃபஸ் என்றும், 16-இல் ஒரு பங்கை ஃபிளாட் என்றும் வைத்துவிடும்.

ஃபிளாட் என்பது நடுவில் இருக்கும் செத்த பகுதி. ஜாய்டெவ் இதை அப்படியே அமல்படுத்தும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 6.25 சதவீதம் ஸ்டிக் அசைந்தாலும் ஃபிளைட்கியருக்கு எதுவும் போகாது. எவ்டெவ்வில் இது வெறும் தகவல், கடைப்பிடிப்பதும் விடுவதும் படிக்கும் நிரலின் இஷ்டம். ஃபஸ் அப்படியில்லை. எந்த வழிக்கும் போவதற்கு முன்பே, கர்னலுக்குள்ளேயே வடிகட்டப்படுகிறது. பழைய மதிப்பிலிருந்து ஃபஸ்ஸின் பாதிக்குள் அசைந்தால் அசைவே இல்லை என்று தள்ளிவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் பழைய மதிப்பையும் புதியதையும் கலந்து ஒரு நடுத்தர மதிப்பை அனுப்பும். தேய்ந்துபோன பாட் (வால்யூம் கண்ட்ரோல் போன்ற திருகு மின்தடை) உள்ள பழைய ஸ்டிக்குக்கு இது நல்லதுதான், நடுக்கத்தை மறைக்கும். ஆனால் காந்தத்தால் அசைவை அளக்கும் 16 பிட் ஹால் சென்சார் ஸ்டிக்கை நல்ல விலை கொடுத்து வாங்கியவருக்கு? 65,536 படிகளில் ஃபஸ் 255. ஏறத்தாழ 127 படிகளுக்குக் குறைந்த அசைவு எல்லாம் குப்பைக்குப் போகிறது. 16 பிட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு 9 பிட் ஸ்டிக் கையில் இருக்கிறது. ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்திப் பாருங்கள், உடனே தெரியும். நீங்கள் மெல்ல அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்துவீர்கள், படக்கென்று போகும்.

மருந்து எளிது. டெபியன், உபுண்டுவில் 'ஜாய்ஸ்டிக்' என்ற பேக்கேஜைப் போட்டால் எவ்டெவ்-ஜாய்ஸ்டிக் என்ற கட்டளை கூடவே வரும். அதில் சாதனத்தின் பாதையைக் கொடுத்து ஃபஸ் 0, டெட்ஸோன் (அதாவது ஃபிளாட்) 0 என்று வைத்துவிடலாம். பாதையாக ஈவென்ட்12 என்று கொடுக்காதீர்கள், அடுத்த தடவை பூட் ஆகும்போது அது ஈவென்ட்9 ஆகியிருக்கும். பை-ஐடி அடைவில் உள்ள நீளமான பெயரைக் கொடுங்கள். வயரைப் பிடுங்கிச் செருகினால் இந்த அமைப்பு போய்விடும் என்பதால், அதே கட்டளையை யுடெவ் விதியில் (சாதனத்தைச் செருகும்போது என்ன செய்வது என்று சொல்லும் கோப்பில்) ரன் என்ற இடத்தில் எழுதிவைப்பதுதான் நிரந்தர வழி. ஹால் சென்சார் என்றால் ஃபஸ் 0. பாட் என்றால் கர்னல் கொடுத்த மதிப்பையே விட்டுவிடுங்கள். மாற்றிய பிறகு எக்ஸ்-பிளேனில் கேலிபரேஷனை மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். அங்கேயே சென்சிடிவிட்டி பக்கத்தில் ஸ்டெபிலிட்டி ஆக்மென்டேஷன் என்று சில ஸ்லைடர்கள் உண்டு. மூக்கு ஆடுகிறதே என்று அதை ஏற்றி வைத்துக்கொண்டு "இப்போ சூப்பரா பறக்குது" என்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிமுலேட்டரே உங்களுக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

ரட்டர் பெடல் காணாமல் போவதற்குக் காரணம் இன்னும் வேடிக்கையானது. பட்டனே இல்லாமல் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று ஆக்சிஸ் மட்டும் உள்ள சாதனத்தை யுடெவ் ஆக்சிலரோமீட்டர் என்று முடிவுகட்டிவிடும். போனையும் டேப்லெட்டையும் சாய்த்தால் திரை திரும்புமே, அந்தச் சென்சார் என்று நினைத்துக்கொள்கிறது. ஜாய்ஸ்டிக் என்ற முத்திரை விழாததால், திரைமுன் உட்கார்ந்திருக்கும் பயனருக்குத் தானாகக் கிடைக்க வேண்டிய அனுமதியும் கிடைக்காது. வீட்டில் செய்த பெடல்களில் இது அடிக்கடி நடக்கும். ஒரு யுடெவ் விதியில் அந்தச் சாதனத்தின் வெண்டர் (தயாரிப்பாளர்) எண்ணையும் புராடக்ட் எண்ணையும் சொல்லி, ஆக்சிலரோமீட்டர் முத்திரையை வெறுமையாக்கி, ஜாய்ஸ்டிக் முத்திரைக்கு 1 போட வேண்டும். கோப்பின் பெயர் 65 என்று ஆரம்பிக்கட்டும். விதிக் கோப்புகள் எண் வரிசையில் ஓடும்: 60-இல் சாதன அடையாளம் முடிகிறது, 70-இல் அனுமதி கொடுக்கப்படுகிறது, நம் திருத்தம் நடுவில் விழ வேண்டும். 99 என்று பெயர் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பது பாதிப் பேரின் கதை. வீட்டுப் பெடல் என்றால் இன்னும் சுலபம்: ஃபர்ம்வேரிலேயே (சாதனத்துக்குள் ஓடும் நிரலிலேயே) ஒரு பொய்ப் பட்டனைச் சேர்த்துவிடுங்கள், யுடெவ் சமாதானமாகிவிடும்.

பேனல்களுக்கு வருவோம். சாய்டெக், பின்னாளில் லாஜிடெக் பெயரில் வந்த ரேடியோ பேனல், மல்டி பேனல், ஸ்விட்ச் பேனல் மூன்றுக்கும் வெண்டர் எண் 06ஏ3. எக்ஸ்-பிளேனில் இவற்றை ஓட்ட எக்ஸ்சாய்டெக்பேனல்ஸ் என்ற பிளக்கின் லினக்ஸிலும் உண்டு. விளக்கு எரிய அது ஹிட்ராவில் எழுத வேண்டும். ஹிட்ராவோ ரூட் என்ற நிர்வாகிக் கணக்கைத் தவிர யாருக்கும் திறக்காது. இதற்கு இணையத்தில் சுற்றும் வைத்தியம், எல்லா ஹிட்ராவுக்கும் 0666 அனுமதி (யாரும் படிக்க, எழுதலாம்) கொடு என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் கீபோர்டும் ஹிட்ராதான். கணினியில் ஓடும் எந்த நிரலும் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் பயனரை இன்புட் குழுவில் சேர்க்கச் சொல்வதும் அதே ரகம்தான். 06ஏ3 என்ற எண்ணுக்கு மட்டும் திரைமுன் இருப்பவருக்கு அனுமதி தரும் யுஅக்செஸ் என்ற டேக் கொடுத்தால் போதும். அந்தக் கோப்பின் எண் 73-க்குக் கீழே இருக்க வேண்டும். எழுதியதும் யுடெவ் விதிகளை ரீலோட் செய்து, வயரைப் பிடுங்கிச் செருகுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. வெளிநாட்டுப் பெடலுக்குக் கஸ்டம்ஸ் கட்டுவதற்குப் பதில் மரப்பலகையிலும் அலுமினியப் பட்டையிலும் தாங்களே செய்துகொள்கிறவர்கள் இங்கே உண்டு. கடையில் தவறாமல் நடக்கும் சில கோளாறுகளைச் சொல்லிவிடுகிறேன். பெடலை யுஎஸ்பியோடு இணைக்கும் சிறு போர்டுக்கு ஆர்டுயினோ ஊனோ வாங்காதீர்கள், அது தன்னை ஜாய்ஸ்டிக் என்று காட்டிக்கொள்ளாது. 32யு4 சிப் உள்ள லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ கேளுங்கள். வால்யூம் கண்ட்ரோல் 10கே என்று கேட்டால் ஆடியோவுக்கான லாக் வகையையும் எடுத்துக் கொடுப்பார்கள். உடம்பில் பி10கே என்று அச்சிட்டிருப்பதுதான் நேர்கோட்டு வகை. ஏ10கே போட்டால் பெடல் பாதி வரை தூங்கும், பிறகு பாயும். பாட் சுமார் 300 டிகிரி சுற்றும், பெடல் திருப்புவது 60 டிகிரி. அப்படியானால் 1024 படிகளில் கிடைப்பது 200 சொச்சம்தான். பல்சக்கரம் வைத்து வீச்சைப் பெருக்குங்கள், அல்லது ஹால் சென்சாருக்குப் போங்கள். அதிலும் 49ஈ என்று எண் போட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். 3144 என்பது வெறும் ஆன்-ஆஃப் சென்சார், பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 49ஈக்கு 5 வோல்ட் கொடுத்தால் காந்தம் இல்லாதபோது வெளியீட்டில் ஏறத்தாழ 2.5 வோல்ட் வரும், மல்டிமீட்டரில் உடனே பார்த்துவிடலாம். பாட்டின் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 104 என்று எழுதிய ஒரு கெபாசிட்டர் வையுங்கள், நடுக்கம் அடங்கும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் நான் பாட்டை யோசிக்கவே மாட்டேன். உப்புக்காற்றில் கார்பன் பாதை கெட்டு, திடீர் திடீரென்று மதிப்பு எகிற ஆரம்பித்துவிடும்.

ரோட்டரி என்கோடர் (கிளிக் கிளிக்கென்று சுற்றும் குமிழ்) வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கிளிக்குக்குப் பட்டனை 5 மில்லிசெகண்ட் மட்டும் அழுத்தி விட்டால் சிமுலேட்டர் அதைத் தவறவிடலாம். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேமே 33 மில்லிசெகண்ட். 40, 50 வரை பிடித்து வையுங்கள். இனி ஆர்டுயினோவைச் செருகியதும் சில விநாடி உறைந்துபோகிறதா? மோடம்மேனேஜர் அதை மோடம் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை ஒதுக்கச் சொல்லும் யுடெவ் விதியும் உண்டு, மோடமே இல்லாதவர்கள் மோடம்மேனேஜரை நீக்கியே விடலாம். சிஎச்340 சிப் வைத்த மலிவு நானோ போர்டு உபுண்டு 22.04-இல் சீரியல் போர்ட்டாகத் தெரியாமல் மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

பெரிய செலவு செய்யப் போகிறவர்களுக்கு என் கருத்து: தன் அமைப்பைத் தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் சாதனத்தை வாங்குங்கள். விகேபி, விர்பில் என்ற இரண்டு ஸ்டிக் தயாரிப்பாளர்களின் அமைப்பு மென்பொருளும் விண்டோஸுக்கானதுதான். ஆனால் ஒருமுறை நண்பர் வீட்டு விண்டோஸில் அமைத்துவிட்டால் ஸ்டிக் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். விண்டோஸில் டிரைவர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் விளக்கு எரியும் என்கிற பொருளைத் தொடாதீர்கள். பட்டன் எண்ணிக்கையையும் பாருங்கள். ஜாய்ஸ்டிக் பட்டன்களுக்குக் கர்னல் முதலில் 16 இடமும், மேலதிகமாக 64 இடமும் ஒதுக்கியிருக்கிறது, மொத்தம் 80. அதற்கு மேல் உள்ள பட்டன் அழுத்தினாலும் தெரியாது. வின்விங் ஓரியன் 2 த்ராட்டிலுக்காகக் கர்னலில் தனி டிரைவரே எழுத வேண்டி வந்தது. விகேபி, விர்பிலில் பட்டன் எண்களை 80-க்குள் அடக்கி அமைத்துக்கொள்ளலாம்.

பறந்துகொண்டிருக்கும்போது யோக் துண்டிக்கப்படுகிறது என்றால், லேப்டாப்பில் மின்சாரம் மிச்சப்படுத்தும் பவர்டாப்பின் ஆட்டோ-டியூனை எப்போதாவது ஓட்டினீர்களா என்று பாருங்கள். அது எல்லா யுஎஸ்பியையும் தூங்கவைக்கும். இன்னொரு காரணம், தனி மின்சாரம் இல்லாத நான்கு போர்ட் ஹப்பில் யோக், த்ராட்டில், பெடல், பேனல் எல்லாவற்றையும் தொங்கவிடுவது. அடாப்டரோடு வரும் ஹப் வாங்குங்கள். கரண்ட் போய் வரும் ஏரியா என்றால் அந்த அடாப்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். கணினி மட்டும் யுபிஎஸ்ஸில் இருந்து என்ன பயன், லேண்டிங்கில் யோக் செத்துவிட்டால்?

எக்ஸ்-பிளேனுக்குக் காசு கொடுத்து விமானம் வாங்கும் முன், அதன் பிளக்கின் அடைவில் லினக்ஸுக்கான கோப்பு (பெரும்பாலும் லின்_எக்ஸ்64 என்ற அடைவில் இருக்கும்) உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அழகான பொம்மைதான் கிடைக்கும், காக்பிட்டில் பாதி வேலை செய்யாது. சில லுவா ஸ்கிரிப்டுகள் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தில் விழும். எக்ஸ்-பிளேன் அடைவில் உள்ள லாக் கோப்பைத் திறந்தால் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு இருக்கும்.

தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்ப உதவும் ஓபன்டிராக் லினக்ஸில் நன்றாகவே ஓடுகிறது. போன் ஆப்பை வைத்து அனுப்பினால் யுடிபி போர்ட் 4242-ஐ ஃபயர்வாலில் திறந்துவிட மறக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரை, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானில் ஓட்டலாம். ஆனால் யோக், பெடல், பேனல் என்று நிறைய வைத்திருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் மேல் புரோட்டானுக்குள் இருக்கும் வைன் என்ற இன்னொரு அடுக்கும் சேர்ந்துகொள்கிறது. கட்டாயம் வேண்டும் என்றால் அந்த விளையாட்டுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லையென்றால் அது உங்கள் யோக்கை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராக வேஷம் போடவைத்து, ஆக்சிஸ்களைக் கலைத்துவிடும். கமென்ட்டில் உதவி கேட்பவர்கள் "ஓடலை" என்று மட்டும் போடாமல், எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் வரும் அந்தச் சாதனத்தின் வரியையும் எவ்டெஸ்ட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.