எடிஸ்டோ தீவில் ஒரு கூட்டம்

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பக்கம் போயிருந்தோம். அங்கே ஒரு பழைய அரிசிப் பண்ணை மாளிகை. சுற்றிக் காட்டியவர் முக்கால் மணி நேரம் சரவிளக்கு, மேஜை, பீங்கான் கோப்பை என்றே பேசினார். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான். பின்னால் ஒரு கொட்டகையில் மர உரலும் உலக்கையும் கிடந்தன. சுவரில் புல்லால் பின்னிய அகலமான தட்டு ஒன்று தொங்கியது. அம்மா பார்த்தவுடன், "சொளகுதான், ஆனா வட்டமா இருக்கே" என்றார். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் புடைத்த தட்டு அது. சதுப்புக் காட்டை வெட்டி, வரப்பு போட்டு, கடல் ஏற்றத்துக்கு ஏற்ப மதகைத் திறந்து மூடி, அந்த ஊரையே பணக்கார ஊராக்கியவர்கள் அவர்கள்.

நம்மில் பலருக்குத் தெரிந்த கதை இதுதான்: அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் உள்நாட்டுப் போரில் சண்டை போட்டன, அதிபர் லிங்கன் அடிமைகளை விடுவித்தார், சுபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மாநிலத்தின் தலையெழுத்தை மாற்றியது போர்தான், சரி. ஆனால் அது எந்தப் பக்கம் மாறும் என்பது போர் முடிந்த சில மாதங்களில், நிலம் யாருக்கு என்ற கேள்வியில் முடிவாகிவிட்டது.

1860 கணக்கெடுப்பில் சவுத் கரோலினாவின் மக்கள்தொகை 7,03,708. அதில் 4,02,406 பேர் அடிமைகள். பாதிக்கு மேல்! அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்துபோன தெற்கு மாநிலமும் இதுதான். "மாநில உரிமைக்காகத்தான் பிரிந்தார்கள்" என்று இன்றும் வாதாடுபவர்கள், அவர்களே வெளியிட்ட காரண அறிக்கையை ஒருமுறை படிக்கலாம். அடிமைமுறை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1861 நவம்பர் 7 அன்று வடக்கின் கடற்படை இந்த மாநிலக் கடலோரத்தில் உள்ள போர்ட் ராயலைப் பிடித்தது. தீவுகளில் இருந்த முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடினார்கள். சுமார் 10,000 அடிமைகள் அவர்களோடு போக மறுத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்புறம் அவர்களில் பலர் செய்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். பருத்தி ஜின்னிங் இயந்திரங்களை உடைத்தார்கள். பருத்தியை விட்டுவிட்டுச் சோளமும் கிழங்கும் நட்டார்கள். பருத்தியைத் தின்ன முடியாதே.

1865 ஜனவரி 16. வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார்: சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே கடலோர நிலமும் தீவுகளும் விடுதலையானவர்களுக்கு, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கன் கொல்லப்பட்டபின் அதிபராக வந்த ஆண்ட்ரூ ஜான்சன், பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

இந்தச் செய்தியைச் சொல்ல அனுப்பப்பட்டவர் வடக்குத் தளபதி ஹோவர்ட். போரில் வலது கையை இழந்தவர். அந்த அக்டோபரில், இப்படிக் குடியேறிய தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவில் ஒரு தேவாலயத்தில் மக்களைக் கூட்டி, நிலத்தை விட்டுவிடுங்கள், பழைய எஜமானர்களை மன்னியுங்கள் என்றார். அந்த மக்கள் குழு அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதன் சாரம் இது: நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 அடி அடித்தவன், என் அம்மாவையும் அக்கா தங்கையையும் உரித்து அடித்தவன், இன்று எனக்கு நிலம் கிடைத்துவிடக் கூடாது என்று மற்றவர்களோடு சேர்ந்து தடுக்கிறான். நிலம் இருந்தால் அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவனை என்னால் மன்னிக்க முடியாது.

இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதாரப் பேராசிரியர் எழுதிவிடப் போகிறார்? நிலம் இல்லாதவன் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதான். விதை, உரம், மளிகை எல்லாம் கடன். கணக்கு நோட்டு முதலாளி கையில். வருடக் கடைசியில் கழித்துப் பார்த்தால் பாக்கிதான் மிஞ்சும்.

நடுவில் ஒரு வெளிச்சமும் வந்தது. 1868 அரசியல் சட்டம் கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டு தந்தது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி என்றது. சட்டமன்றக் கீழவையில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. போரின்போது, 1862இல், தெற்குப் படையின் கப்பலையே குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வடக்குப் பக்கம் சேர்ந்த ராபர்ட் ஸ்மால்ஸ் அந்தச் சட்டம் எழுதியவர்களில் ஒருவர். தான் அடிமையாகப் பிறந்த பியூஃபர்ட் ஊர் வீட்டை வரி பாக்கி ஏலத்தில் வாங்கியவரும் அவரே. அந்த ஆட்சியில் ஊழல் இல்லையா என்றால், இருந்தது. கை நீட்டியவர்களில் எல்லா நிறமும் உண்டு.

1876இல் சிவப்புச் சட்டைக்காரர்கள் என்ற வெள்ளையர் கும்பல் ஆட்கள் துப்பாக்கியோடு தேர்தல் வேலை பார்த்தார்கள். மறு ஆண்டு கூட்டரசின் படை பின்வாங்கியதும் எல்லாம் முடிந்தது. துப்பாக்கி செய்ததை 1882இல் எட்டுப் பெட்டிச் சட்டம் செய்தது. ஒவ்வொரு பதவிக்கும் தனி ஓட்டுப்பெட்டி, மேலே பெயர் மட்டும். சீட்டு தப்பான பெட்டியில் விழுந்தால் செல்லாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் யாரையாவது கேட்டு வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தால், பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். படிப்பதைச் சட்டப்படி தடுத்துவிட்டு, படிக்கத் தெரியவில்லை என்று ஓட்டைப் பிடுங்கிய சாமர்த்தியம்! 1895இல் புதிய அரசியல் சட்டமே எழுதி, எழுத்தறிவுத் தேர்வு அல்லது 300 டாலர் சொத்து என்று கதவைச் சாத்தினார்கள். அந்த மாநாட்டிலும் ஸ்மால்ஸ் இருந்தார். கையெழுத்துப் போட மறுத்தார்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரம் புல் கூடை விற்ற ஓர் அம்மாளிடம் அம்மா நின்றுவிட்டார். அந்தத் தட்டில் இருந்த அதே பின்னல். பேச்சுவாக்கில் அந்தக் கூடைக்காரர், தன் கொள்ளுத்தாத்தா காசு சேர்த்து வாங்கிய 10 ஏக்கர் கடலோரத்தில் இருக்கிறது என்றார். உயில் கிடையாது, வாரிசுகள் அறுபது பேருக்கு மேல். எங்கோ வடக்கே இருந்த ஒருவர் தன் பங்கை ஒரு கம்பெனிக்கு விற்க, கம்பெனி மொத்த நிலத்தையும் ஏலம் விடச் சொல்லி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கேட்டார், "அன்னைக்கே பாகம் பிரிச்சு பத்திரம் போட்டிருக்கலாமே?" கேள்வியை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அப்போது இந்த ஊரில் எந்த வக்கீல் எங்களை உள்ளே விட்டிருப்பார் என்றார்.

அடுத்த வாய்தா செப்டம்பரிலாம்.