அந்த இடம் யாருடையது?

2024 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷிங்டனில் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக அணி, பரம வைரியான நார்த் கரோலினாவை 84-76 என்று வீழ்த்தி, ஏ.சி.சி. எனும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் (பல்கலைக்கழக அணிகளின் ஒரு கூட்டமைப்பு) கோப்பையை வென்றது. 1987க்குப் பிறகு முதல் முறை. கத்திய கத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இந்த அணி லீக் சுற்றில் என்ன கிழித்தது தெரியுமா? ஏ.சி.சி.க்குள் 20 ஆட்டங்களில் ஒன்பது வெற்றி, பதினொரு தோல்வி. கடைசி நான்கு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. பதினைந்து அணிகளில் பத்தாம் இடம். பயிற்சியாளர் கெவின் கீட்ஸின் வேலை தப்புமா என்றே பேச்சு. லீக் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் நாக் அவுட்டுக்கு முதல் நான்கு இடத்து அணிகள் வியாழக்கிழமை வந்தால் போதும் என்ற நிலையில், இவர்கள் செவ்வாய்க்கிழமையே களமிறங்கி ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். லூயிவில், சிராக்யூஸ், டியூக் என்று ஒவ்வொன்றாகச் சாய்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை அரையிறுதியை மட்டும் நான் மறக்க மாட்டேன். வர்ஜீனியா மூன்று புள்ளி முன்னிலை. சில விநாடிகளே மீதி. வர்ஜீனியா வீரர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். நார்த் கரோலினா ஸ்டேட்டின் மைக்கேல் ஓ’கானல் பந்தோடு ஓடி, தூரத்திலிருந்து எறிந்தார். பலகையில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது. 58-58. கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா எழவே இல்லை, 73-65.

இதுவரை கொண்டாட்டம். இனி என் புகார்.

அமெரிக்க தேசியப் போட்டியில் அந்த ஆண்டு 68 இடங்கள். நாக் அவுட் கோப்பையை வென்ற 32 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி நுழைவு. மீதி 36 இடங்களைத் தேர்வுக் குழு பங்கிடும். நார்த் கரோலினா ஸ்டேட் அந்தக் கோப்பையை வெல்லாவிட்டால் குழு அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அப்படியென்றால் அது நுழைந்ததால் வேறு ஏதோ ஓர் அணி வெளியேறியது. அதே ஏ.சி.சி.யில் 12 வெற்றி பெற்ற பிட்ஸ்பர்க்குக்குக் கதவு சாத்தப்பட்டது.

பிட்ஸ்பர்க்காவது பெரிய வீட்டுப் பிள்ளை. எனக்கு வயிறு எரிந்தது இந்தியானா ஸ்டேட்டுக்காக. கூடைப்பந்து ஜாம்பவான் லாரி பேர்ட் படித்த கல்லூரி. மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில் 20 ஆட்டங்களில் 17 வெற்றி, பட்டியலில் முதலிடம். கண்ணாடி போட்ட ராபி அவிலாவின் ஆட்டத்தைப் பார்க்கவே தனிக் கூட்டம். ஆனால் கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டியில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றார்கள். 28 வெற்றி, ஆறு தோல்வி என்ற கணக்கோடு வீட்டில் உட்கார வைக்கப்பட்டார்கள். நம் ஐ.பி.எல்.லில்கூட முதல் இரண்டு இடத்து அணிகளுக்கு ஒரு தோல்வியைத் தாங்க இரண்டாவது வாய்ப்பு உண்டு!

நாக் அவுட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. அதில்லாமல் ஓ’கானல் எறிந்த பந்து ஏது? லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த அணிக்கும் நேரடி நுழைவு தாருங்கள் என்கிறேன். பெரும்பாலான கான்ஃபரன்ஸ்களில் அந்த அணி கோப்பையையும் வென்றிருக்கும், அல்லது குழுவே அதை அழைத்திருக்கும். எனவே கூடுதலாகத் தேவைப்படும் இடங்கள் 32 அல்ல, அதைவிட மிகக் குறைவு. பெரிய கான்ஃபரன்ஸ்களின் நடுத்தர அணிகள் சில இடம் இழக்கும். இழக்கட்டுமே.

“தகுதியில்லாத அணி நுழைந்துவிட்டது” என்று நார்த் கரோலினா ஸ்டேட்டைப் பழித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் பிரிவில் பதினொன்றாம் தரவரிசையில் நுழைந்த அந்த அணி, டியூக்கை மறுபடியும் தோற்கடித்து, தேசிய அரையிறுதி வரை போனது. டியூக்குடனான அந்த ஆட்டத்தில் இடது கைக்காரர் டி.ஜே. பர்ன்ஸ் மட்டும் 29 புள்ளிகள். பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பாதங்களை அவ்வளவு நளினமாக நகர்த்துபவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் பர்டூவிடம் 63-50.

இந்தியானா ஸ்டேட்? இடம் கிடைக்காதவர்களுக்கான என்.ஐ.டி. போட்டியில் ஆடி, இறுதிவரை சென்று, சொந்த மாநிலத்திலேயே 79-77 என்று செட்டன் ஹாலிடம் தோற்றது. தேர்வுக் குழு பட்டியலை அறிவித்த அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே நிறுத்தப்பட்ட இன்னோர் அணிதான் செட்டன் ஹால்.